வேலிக்குள் நிற்காத மீன்: பண்ணைக் குளம் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தோட்டத்துக்குள் குளம் வெட்டி, மீன் விட்டு, தூண்டில் போட வருகிறவர்களிடம் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் அன்பர்களுக்கும், அடுத்த வருடம் நாமும் ஒன்று தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் உடுமலைப் பக்கத்துக்காரன். உங்களைப் போன்றவர்களுக்குக் காசு கொடுத்து, தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாதி நாள் மிதப்பானையே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவன். அணைக்கட்டில் போட்டால் விரட்டுகிறார்கள், ஊர்க்குளத்தில் போட்டால் குத்தகைக்காரர் சண்டைக்கு வருகிறார். அதனால் உங்கள் குளங்கள் இருப்பது எனக்குச் சந்தோஷம்தான். கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அதில் என்ன மீனை விடுகிறீர்கள்?

“என் நிலம், என் தண்ணீர், என் காசு. எதை விட்டால் உனக்கென்ன?” என்று கேட்பீர்கள். சரி, ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை அடித்தால் உங்கள் குளம் எந்தப் பக்கம் வழியும் என்று சொல்லுங்கள். எங்கள் பக்கமென்றால் வழிகிற தண்ணீர் வாய்க்காலில் இறங்கும், வாய்க்கால் பள்ளம் என்கிற ஓடையில் சேரும், பள்ளம் உப்பாற்றுக்கோ நேராக அமராவதிக்கோ போகும். அமராவதி கரூரைத் தாண்டித் திருமுக்கூடலூரில் காவிரியோடு கலக்கும். அதற்கப்புறம் முக்கொம்பு, கல்லணை, டெல்டா வாய்க்கால்கள். உங்கள் கம்பி வேலி ஆட்டைத் தடுக்கும், பக்கத்து வீட்டுப் பையனைத் தடுக்கும். விரல் நீளக் குஞ்சை எது தடுக்கும்?

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தில் குளங்களும் வளர்ப்புத் தொட்டிகளும் உடைந்து, என்னென்ன வெளியே வந்தன என்று தேடிப் பாருங்கள். சாலக்குடி ஆற்றில் வலை போட்டவர்களுக்கு அரபைமா கிடைத்தது. அமேசான் மீன், ஆள் உயரத்தைத் தாண்டி வளரக்கூடியது. பாக்கு என்கிற மீன் வந்தது, அலிகேட்டர் கார் என்ற முதலைமூஞ்சி மீனும் வந்தது. யார் குளத்திலிருந்து வந்தது என்று ஒருவரும் கை தூக்கவில்லை. தூக்கவும் மாட்டார்கள், இவற்றில் பலவற்றை அனுமதியோடு யாரும் வளர்க்கவில்லையே.

நம் பக்கத்து நிலைமையும் இதற்குப் பெரிதாக மாறுபடவில்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க 2000-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு தடை போட்டது. இன்றும் அது “தேளி” என்ற பெயரில் சந்தையில் உயிரோடு துள்ளுகிறது. நாட்டுத் தேளி அவ்வளவு பெரிதாக வளராது. மூன்று கிலோ, நாலு கிலோ என்று ஒருவர் காட்டினால் அது ஆப்பிரிக்காக்காரன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். காற்றையே சுவாசிக்கும், ஈரத் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போகும், கோழிக் கழிவு முதல் தவளைவரை எதையும் தின்னும். தூண்டிலில் மாட்டினால் இழுவை பிரமாதமாக இருக்கும், அதை நானும் மறுக்கவில்லை. அந்த இழுவைக்காகத்தான் சிலர் விடுகிறார்கள் என்பதும் ஊரறிந்த விஷயம்.

அடுத்தது ரூப்சந்த். சிவந்த வயிற்றுப் பாக்குக்கு வியாபாரிகள் வைத்த செல்லப் பெயர் அது. குஞ்சு மலிவு, வளர்ச்சி வேகம், தூண்டிலை உடனே கவ்வும். அயிரையை விட்டு விரால் பிடிக்கும் கணக்கில் நீங்கள் ரூப்சந்தை விட்டு வாடிக்கையாளரைப் பிடிக்கிறீர்கள். இதுவும் தென்னமெரிக்க ஆற்று மீன்தான். அப்புறம், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் சலித்துப்போன “டேங்க் கிளீனர்” மீனைக் குளத்தில் கொண்டுவந்து விடுகிற விருந்தாளிகள். பாவம் பார்த்து விடுகிறார்கள். அது கரையில் வளை தோண்டி முட்டையிட்டுப் பெருகும், கவச உடம்பிலுள்ள முள் வலையைக் கிழிக்கும், சமைத்துத் தின்னவும் ஆள் வராது. தமிழ்நாட்டுக் குளங்களில் வலை இழுக்கிறவர்களிடம் அதன் பெயரைச் சொன்னாலே முகம் மாறும்.

ஜிலேபிக் கெண்டையை மறந்துவிட்டாயே என்பீர்கள். மறக்கவில்லை. 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மீன், இன்று எந்தக் குட்டையில் இல்லை? ஒரு தடவை விட்டால் திரும்ப எடுக்க முடியாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கெட்ட எண்ணத்தோடும் பேராசையோடும் விட்டதால்தான் இவை கெடுத்தன என்று நினைக்க வேண்டாம். நல்ல எண்ணத்தோடு விட்ட மீனும் கெடுக்கும். அதற்கு நம் காவிரியே சாட்சி, தூண்டில் பிடிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே வாழும் ஒரு மஹ்சீர் உண்டு, கெண்டைக் குடும்பத்துப் பெரிய ஆற்று மீன். திமில் வைத்த முதுகு, ஆரஞ்சு நிறத் துடுப்பு. 1946-இல் கபினியில் தூண்டிலில் மாட்டிய ஒன்று 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ. உலகம் முழுக்கவிருந்து தூண்டில்காரர்களைக் காவிரிக்கு இழுத்த மீன் இதுதான். அணைகளும் வெடி வைத்துப் பிடிப்பதும் சேர்ந்து மஹ்சீர் குறைந்துகொண்டே வந்தபோது, லோனாவாலாவில் ஒரு பொரிப்பகத்தில் மஹ்சீர் குஞ்சு பொரித்து நாடெங்கும் ஆறுகளில் விட்டார்கள். காவிரியிலும் விட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் விட்டது நீலத்துடுப்பு மஹ்சீர், வேறு ஆற்றுப் படுகையின் இனம்.

பிறகு நடந்ததைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் தூண்டில்காரர்களே என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கர்நாடகத்தில் காவிரிக் கரையிலிருந்த கலிபோர் முகாமில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, எழுதிவைத்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விடுவார்கள். 1998 முதல் 2012 வரை எழுதிய அந்தக் கணக்கை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு ஏறிக்கொண்டே போயிருக்கிறது, திமில் மஹ்சீர் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு ஆறு செழிப்பாக இருப்பதுபோல் தெரிந்திருக்கும்.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. இவ்வளவு புகழ்பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் எது என்பதே 2018-இல்தான் முடிவானது. மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்தவர்கள், 2007-இல் கேரளத்தின் சின்னாறு சரணாலயத்துப் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்ட ‘டோர் ரெமாதேவி’ என்ற இனம்தான் இது என்று காட்டினார்கள். அதே ஆண்டு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் விளிம்பிலிருக்கும் இனமாகப் பட்டியலில் சேர்த்தது. ஆக, இருப்பது எந்த மீன் என்றே தெரியாமல் அதன் தலைமேல் இன்னொரு மீனைக் கொட்டியிருக்கிறோம். பாம்பாறு எங்கே வந்து விழுகிறது என்று உடுமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமராவதி அணைக்குத்தான். உங்கள் குளத்து வாய்க்கால் போய்ச் சேருகிற அதே ஆறு.

சரி, எதைத்தான் விடுவது? கட்லா, ரோகு, மிருகால் விடுங்கள். கட்லாவும் காவிரிக்கு வந்தேறிதான், வடக்கே கோதாவரிப் பக்கத்து மீன். ஆனால் வந்து பல தலைமுறை ஆகிவிட்டது, உங்கள் குளத்திலிருந்து நூறு போனால் புதிதாக ஒன்றும் கெடாது. அதைவிட நல்லது, நம் ஆற்று மீன்களான சேல்கெண்டை, கல்பாசு போன்றவற்றைக் கேட்டு வாங்குவது. ஆற்றில் நாட்டின மீன்குஞ்சு விடுவது மீன்வளத்துறையின் திட்டங்களிலேயே இருக்கிறது. ஆழியாறு மீன் பண்ணை பக்கத்தில்தானே, போய்க் கேளுங்கள். உடனே கிடைக்காவிட்டாலும் நாலு பேர் கேட்டால்தான் அடுத்த வருடமாவது கிடைக்கும்.

எண்ணிக்கையிலும் ஆசை வேண்டாம். கூட்டு மீன்வளர்ப்பில் ஏக்கருக்கு 2,000 குஞ்சு என்பது பரவலான கணக்கு, அதுவும் தீவனம் போட்டு வளர்த்தால். நீங்கள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கொட்டுகிறீர்கள். நாள் முழுக்க மேகம் போட்டுப் புழுக்கமாக இருந்த மறுநாள் விடியுமுன் குளத்தங்கரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் தண்ணீர் மட்டத்தில் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடும், கைதட்டினால்கூட உள்ளே போகாது. ராத்திரி முழுக்கப் பாசியும் மீனும் அடிச்சேறும் போட்டி போட்டு ஆக்சிஜனைத் தின்றிருக்கும். முதலில் கட்லாதான் மல்லாக்கும். ஆழியாறு அணையிலேயே 1980-களில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் பொடிக் குஞ்சைக் கொட்டுவதை நிறுத்தச் செய்தார்கள். பத்து சென்டிமீட்டரைத் தாண்டிய குஞ்சை மட்டும் அளவோடு விட்டு, வலைக்கண் அளவையும் கட்டுப்படுத்தியதும் விளைச்சல் பல மடங்கு ஏறியது.

இனி, கையில் புது ஃபிஷ் ஃபைண்டர் பிடித்து வரும் நண்பர்கள் பக்கம் கொஞ்சம் திரும்புகிறேன். அவர்களுக்காக நீங்களும் “சோனார் வாடகைக்குக் கிடைக்கும்” என்று பலகை வைக்கிறீர்கள். கருவி பொய் சொல்லாது. ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்பி, மீனின் காற்றுப்பையில் பட்டுத் திரும்புவதைத் திரையில் காட்டுகிறது. ஆனால் அது கூம்பு வடிவில்தான் பார்க்கும். 20 டிகிரிக் கூம்பு, ஆறடித் தண்ணீர் என்றால் அடியில் அது பார்ப்பது ஏறக்குறைய இரண்டடி வட்டம். வேலம்பாசி மண்டிய குட்டையில் அந்த இரண்டடியும் பாசிதான். விராலோ கரையோரப் புல்லுக்குள் ஒரு சாண் தண்ணீரில் கிடக்கும், அங்கே கருவியை மிதக்கவிடவே இடமிருக்காது. முன்பக்கம் நேரலையாகக் காட்டும் சோனார்கள், 2018-இல் வந்த கார்மின் லைவ்ஸ்கோப் மாதிரியானவை, ஆழமான பெரிய ஏரிகளில் மீனை ஒளியவிடாமல் செய்துவிட்டன என்பது உண்மை. அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டி நடத்தும் அமைப்புகளே அதற்கு வரம்பு வைக்கும் அளவுக்குத் தகராறு முற்றியது. நம் குட்டைக்கு அந்தச் சண்டை இன்னும் வரவில்லை.

ஆனால் குளத்துக்காரர்களே, அந்தக் கருவியை நீங்கள் வாங்கலாம், மீன் தேட இல்லை. சித்திரையில் ஒரு காலைப்பொழுது கயிற்றில் கட்டிக் குளம் முழுக்க இழுத்துப் பாருங்கள். எங்கே எத்தனை அடி நிற்கிறது, எங்கே அடி கெட்டி, எங்கே சேறு என்று ஒரு படம் கிடைக்கும். ஆறடிக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கும் பள்ளம் ஒன்றுகூட இல்லையென்றால், மீன் வாங்குகிற காசில் முதலில் அதைத் தோண்டுங்கள். கோடையில் மீனைக் காப்பாற்றுவது அந்தப் பள்ளம்தான்.

தூண்டில் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ள வேண்டாம். தண்ணீர் மேல் தூறல் விழுவதுபோல் ஒரு வட்டம் மட்டும் பொடிப்பொடியாகக் கொதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டே போனால் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள். அவை மூச்சு வாங்க மேலே வந்து போகும், அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்த வட்டத்துக்குள் ரப்பர்த் தவளையை எறிந்தால் காவல் மீன் பசியில்லாமலே கவ்வும், குஞ்சைக் காப்பாற்றுகிற வெறியில். வீடியோவுக்கு அருமையான அடி. அதைத் தூக்கிக்கொண்டு செல்ஃபி எடுக்கும் ஐந்து நிமிடத்தில் ஜிலேபியும் பாம்பும் அந்த வட்டத்தைத் தின்றுவிடும். குளத்துக்காரர்கள் இதற்குத் தடை போடலாம், போட்டால் நான் முதல் ஆளாகக் கட்டுப்படுவேன்.

கடைசியாகக் கேட்பது இவ்வளவுதான். குஞ்சு வாங்கும்போது பில்லில் இனத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். “மிக்ஸ்” என்று எழுதித் தருகிறவரிடம் வாங்க வேண்டாம். புரட்டாசிக்குள் வழிவாயில் கண் நெருக்கமான கம்பி வலையை இரண்டு அடுக்காகப் போடுங்கள், மழை நாளில் குப்பை அடைக்கும் என்பதால் ஆள் வைத்து வாரச் சொல்லுங்கள். வாசலில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர் என்ன மீன், என்ன எடை என்று எழுதிவிட்டுப் போகட்டும். ஏற்கெனவே ரூப்சந்தோ ஆப்பிரிக்கக் கெளுத்தியோ உள்ளே இருந்தால், மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டணமில்லாமல் எங்களைக் கூப்பிடுங்கள். அதை மட்டும் பிடிக்க, திரும்ப விடாமல் கொண்டுபோக, எங்கள் பக்கத்திலிருந்து ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறேன். மண்புழு எங்கள் செலவு.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கைத் தூண்டில்காரன்,
உடுமலைப் பக்கம்.