கார்புரேட்டர் விற்க மறுத்த பெரியவருக்கு நன்றி

பென்சில்வேனியாவின் கார்லைல் நகரில் நடக்கும் பழைய கார் பாகச் சந்தையில், என் 1966 ஃபோர்டு மஸ்டாங் காருக்கு கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) தேடி நின்றபோது, “வண்டி என்ன செய்கிறது?” என்று கேட்டார் ஒரு கடைக்காரப் பெரியவர். நின்ற இடத்தில் ஓடும்போது (ஐடிலில்) உதறுகிறது, கார்புரேட்டர் வழியாகவே வெடிக்கிறது என்றேன். “அப்படியானால் இது உனக்கு வேண்டாம்” என்று என் கையில் இருந்த கார்புரேட்டரை வாங்கி வைத்துவிட்டார். வியாபாரி செய்கிற காரியமா இது!

மறுநாள் எங்கள் வீட்டு கராஜுக்கே வந்தார். எஞ்சினின் மேல் உள்ள வலப்பக்க மூடியை (வால்வு கவர்) கழற்றினார். எஞ்சினைக் கையால் சுழற்ற, அதன் முதன்மைத் தண்டான கிராங்க்கின் போல்ட்டில் சாக்கெட்டை மாட்டி என்னை மெல்லச் சுற்றச் சொல்லி, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். 1-வது சிலிண்டருக்கு அப்புறம் 5-வது வெடிக்க வேண்டிய என் வண்டியின் 289 எஞ்சினில், 3-வது சிலிண்டர் முறைக்கு வந்து நின்றது. முன்பு வைத்திருந்த யாரோ, வால்வுகள் எந்த வரிசையில் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கும் தண்டான கேம்ஷாஃப்டை மாற்றி, எண்பதுகளின் ஃபோர்டு 5.0 ஹெச்.ஓ. எஞ்சினுடையதைப் போட்டிருக்கிறார்கள். அதன் வெடிப்பு வரிசை 1-3-7-2-6-5-4-8. நானோ ஃபோர்டு கையேட்டில் உள்ள 1-5-4-2-6-3-7-8 படி ஸ்பார்க் பிளக் ஒயர்களை மாட்டியிருந்தேன். நாலு சிலிண்டர் சரி, நாலு தப்பு. 3-வது ஒயரையும் 5-வது ஒயரையும் இடம் மாற்றினார், அப்படியே 4-ஐயும் 7-ஐயும் மாற்றினார், அவ்வளவுதான். எஞ்சின் சீராக ஓடியது.

காசு வாங்கவில்லை, பெயரும் சொல்லவில்லை. ரொம்ப நன்றி ஐயா. உங்கள் சாக்கெட் இங்கேயே கிடக்கிறது. அடுத்த சந்தைக்குக் கொண்டுவருகிறேன்.