தள்ளிவிட்ட கல் எந்த நாட்டைக் கடக்கும்?

ஐ.நா. விண்வெளி அமைதிப் பயன்பாட்டுக் குழுவில் அமரும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம்.

2024 டிசம்பர் 27 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கியில் ஒரு சிறுகோள் தென்பட்டது. இரண்டு நாள் முன்னரே அது பூமியைத் தாண்டிப் போயிருந்தது. 2024 ஒய்ஆர்4 என்று பெயர் வைத்தார்கள். அது 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோதக்கூடும் என்ற வாய்ப்பு 1 சதவீதத்தைத் தாண்டியதும், உங்கள் குழுவின் பரிந்துரையால் உருவான சர்வதேசச் சிறுகோள் எச்சரிக்கை வலையமைப்பு 2025 ஜனவரி 29 அன்று முறைப்படி அறிவித்தது. பிப்ரவரி 18 அன்று அந்த வாய்ப்பு 3.1 சதவீதம் வரை ஏறியது. மாதம் முடிவதற்குள் ஏறக்குறையப் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டது.

கணக்கில் யாரும் தவறவில்லை. கல் 2032ல் இருக்கக்கூடிய இடம் முதலில் ஒரு நீண்ட கோடாகத்தான் தெரியும். இரவுதோறும் புதிய அளவீடுகள் வர வர அந்தக் கோடு சுருங்கும். பூமி அதற்குள் இருக்கும்வரை, கோடு குறுகக் குறுக பூமி அடைத்துக்கொள்ளும் பங்கு கூடிக்கொண்டே போகும். கோட்டின் முனை பூமியை விட்டு விலகியதும் வாய்ப்பு மளமளவென்று சரியும். எச்சரிக்கை அமைப்பு செய்ய வேண்டியதைச் செய்தது. அதில் எங்களுக்குக் குறையில்லை.

எங்கள் கவலை அந்த வாரங்களில் வெளியான வரைபடத்தைப் பற்றியது. கல் விழக்கூடிய இடங்களைச் சேர்த்தால் அது ஒரு மெல்லிய பட்டை: கிழக்குப் பசிபிக்கில் தொடங்கி, தென் அமெரிக்காவின் வடபகுதி, அட்லாண்டிக், ஆப்பிரிக்கா, அரபிக்கடல் வழியாகத் தெற்காசியா வரை. அதன் கீழே இருந்த நாடுகளில் பெரும்பாலானவற்றிடம் வேறொரு கோளுக்குக் கலம் அனுப்பும் வசதி இல்லை. வாய்ப்பு இறங்காமல் ஏறியே போயிருந்தால், கலத்தை மோதவிட்டுக் கல்லை எந்தப் பக்கம் தள்ளுவது என்று யார் முடிவு செய்திருப்பார்கள்? இன்றைய நிலையில், ராக்கெட் வைத்திருப்பவர்கள்.

இது ஏன் பெரிய கேள்வி என்பது தள்ளும் முறையைப் பார்த்தால் புரியும். பூமி விநாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடுகிறது. தன் விட்டமான 12,742 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஏழு நிமிடம் போதும். ஆகவே கல்லைத் தூளாக்கத் தேவையில்லை. சந்திப்புக்கு அது சில நிமிடம் முந்தியோ பிந்தியோ வந்தாலே போதும். கல் ஓடும் திசையில் அதன் வேகத்தை விநாடிக்கு 1 சென்டிமீட்டர் மாற்றினால், பத்தாண்டில் நேர்க்கணக்குப்படி அது 3,150 கிலோமீட்டர் தள்ளிப்போகும். வேகம் மாறும்போது சுற்றுக்காலமும் மாறிவிடுவதால், உண்மையில் விலகல் அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு, சுமார் 9,500 கிலோமீட்டர்.

ஆனால் இப்படித் தள்ளும்போது விழும் இடம் ஒரேயடியாக வானத்துக்குத் தாவிவிடாது. அந்தப் பட்டையின் மேலேயே கிழக்காகவோ மேற்காகவோ நகர்ந்து, விளிம்புக்கு வந்த பிறகுதான் பூமியை விட்டு வெளியேறும். அரபிக்கடலில் விழ வேண்டியதை ஒரு பக்கம் நகர்த்தினால் தெற்காசியாவைக் கடக்கும், மறுபக்கம் நகர்த்தினால் ஆப்பிரிக்காவைக் கடக்கும். தேவையில் பாதி பலத்தோடு தள்ளினால் கல் நடுவழியில், முன்பு ஆபத்தே இல்லாதிருந்த ஊரின் மேல் நிற்கும்.

அரைகுறையாகத் தள்ளும் அபாயம் கற்பனையல்ல. தள்ளிப்பார்க்கும் சோதனைக்காக நாசா அனுப்பிய டார்ட் கலம் 2022 செப்டம்பர் 26 அன்று விநாடிக்கு 6.1 கிலோமீட்டர் வேகத்தில், டிடிமோஸ் என்ற சிறுகோளைச் சுற்றிவரும் சிறுநிலவான டிமார்ஃபஸில் மோதி, அதன் 11 மணி 55 நிமிடச் சுற்றை 33 நிமிடம் குறைத்தது. மோதலில் சிதறிய மண்ணும் கல்லும் பின்னோக்கி உதைத்ததால், கலம் கொடுத்த உந்தத்தைப்போல் சுமார் 3.6 மடங்கு கிடைத்தது. வேறொரு கல்லில் இது ஒரு மடங்காகவே நின்றுவிடலாம். சரளைக்குவியலா, கெட்டிப்பாறையா என்பதைப் பொறுத்தது அது. நிறை தெரியாதது இன்னும் பெரிய இடைஞ்சல். ஒய்ஆர்4ஐ முதலில் 40 முதல் 90 மீட்டர் என்றார்கள். தொலைநோக்கிக்குத் தெரிவது வெளிச்சம் மட்டுமே. கருப்பான பெரிய கல்லும் வெளுப்பான சின்னக் கல்லும் ஒரே அளவு மின்னும். 40க்கும் 90க்கும் இடையே கொள்ளளவு பதினோரு மடங்கு மாறும், தள்ளத் தேவையான பலமும் அப்படியே. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதன் வெப்பத்தை அளந்த பிறகுதான் சுமார் 60 மீட்டர் என்று தெரிந்தது.

பலமாகத் தள்ளிவிட்டால் போயிற்று என்றும் இருக்க முடியாது. 60 மீட்டர் கல்லின் அடர்த்தியைத் தண்ணீரைப்போல் இரண்டரை மடங்கு என்று வைத்தால், அதன் விடுபடு வேகம், அதாவது அதன் ஈர்ப்பிலிருந்து ஒரு துண்டு தப்பிப்போகத் தேவையான வேகம், விநாடிக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான். அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டி உதைத்தால் உடையலாம் என்பது துறையில் வழங்கும் பொதுவிதி. ஒய்ஆர்4 மறுபடி அருகே வருவது 2028ல். அப்போது தொடங்கினால் மிஞ்சும் நான்கு ஆண்டில் பூமியின் ஆர அளவுக்கு விலக்கவே விநாடிக்கு 1.7 சென்டிமீட்டர் வேண்டும். விடுபடு வேகத்தில் பாதி அது!

2019ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் நடந்த கோள் பாதுகாப்பு மாநாட்டில் இதையே ஒத்திகை பார்த்தார்கள். கற்பனைச் சிறுகோள் ஒன்று டென்வரை நோக்கி வருகிறது. மோதல் கலங்களை அனுப்பிப் பெரும்பகுதியை விலக்குகிறார்கள். உடைந்த சுமார் 60 மீட்டர் துண்டு நியூயார்க்கை நோக்கித் திரும்புகிறது. இரண்டு நகரமும் ஒரே நாட்டில் இருந்ததால், யாரைக் கேட்டு டென்வரைக் காப்பாற்றினீர்கள் என்று கேட்க வேறொரு அரசாங்கம் அங்கே இல்லை.

உங்கள் பரிந்துரையால் உருவான இன்னொரு அமைப்பு, விண்வெளி நிறுவனங்கள் கூடும் திட்ட ஆலோசனைக் குழு. மோதல் 50 ஆண்டுக்குள், அதற்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கு மேல், கல்லின் அளவு 50 மீட்டருக்கு மேல் என்றால் அது தள்ளும் வழிகளை ஆராயத் தொடங்கும். ஆராயலாம், யாரையும் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே நாங்கள் உங்களிடம் கேட்பது இவை.

கல்லைத் தொடும் எந்தத் திட்டமும் பட்டையின் கீழுள்ள எல்லா நாடுகளின் பிரதிநிதிகளும் அமர்ந்த மேசையில் முடிவாக வேண்டும். எந்தத் திசை, எவ்வளவு உபரி விலகல், ஒரு கலம் பழுதானால் அடுத்தது எப்போது என்பவை அந்த மேசைக்கு எண்களாகவே வர வேண்டும். தள்ளும் கலத்துக்கு முன்னால் அளக்கும் கலம் போயாக வேண்டும், காலம் அறவே இல்லாத நேரம் தவிர. 1972 பொறுப்பு உடன்படிக்கைப்படி, விண்பொருளால் தரையில் சேதம் வந்தால் ஏவிய நாடே முழுப் பொறுப்பு. ஒரு கலம் திருப்பிவிட்ட கல்லின் சேதமும் அதில் சேருமா என்பது தெளிவாக இல்லை. சேரும் என்று பயந்தால் உதவக்கூடிய நாடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும், சேராது என்றால் அடிபட்ட நாடு நடுத்தெருவில் நிற்கும். கூட்டாக முடிவெடுத்தால் நஷ்டஈடும் கூட்டாக என்று எழுதிவையுங்கள். 1963 உடன்படிக்கை விண்ணில் அணுவெடிப்பைத் தடுக்கிறது. கல்லைத் திருப்ப அணுகுண்டு வேண்டும் என்று அதற்கு விதிவிலக்கு கேட்டு யாராவது வந்தால் எந்த அவையில் வாக்கெடுப்பு என்பதையும் பேசிவிட வேண்டும்.

சின்னக் கற்களுக்கு இவ்வளவு நேரம் கிடைக்காது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரத்தின் மேல் வெடித்தது சுமார் 20 மீட்டர் கல்தான். சூரியன் பக்கமிருந்து வந்ததால் எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியவில்லை. ஒளியைப் பார்த்தவர்கள் என்னவென்று ஜன்னலருகே போனார்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை நொறுக்கியது. சுமார் 1,500 பேருக்குக் காயம், பெரும்பாலும் கண்ணாடிச் சில்லுகளால். “வானத்தில் பெரிய ஒளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகிக் கீழே படுங்கள்” என்ற ஒற்றை வரியை ஒவ்வொரு நாடும் தன் மக்களின் மொழிகளில் பேரிடர்க் கையேட்டில் சேர்க்க அதிகச் செலவில்லை.

2029 ஏப்ரல் 13 அன்று சுமார் 340 மீட்டர் அகலமுள்ள அபோஃபிஸ் என்ற சிறுகோள் நம் தலைக்கு மேல் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், புவிநிலைச் செயற்கைக்கோள்களுக்கும் கீழே, மோதாமல் கடக்கப்போகிறது. ஐ.நா. அந்த ஆண்டைச் சிறுகோள் விழிப்புணர்வுக்கும் கோள் பாதுகாப்புக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. எந்தக் கல்லும் எந்த நாட்டையும் குறிவைக்காத இந்தக் காலத்தில், தன் நாட்டின் பெயர் பட்டையில் இருக்குமா என்று தெரியாமலேயே எல்லோரும் விதி எழுத முடியும். வியன்னாவில் கூடும் அடுத்த அறிவியல் தொழில்நுட்பத் துணைக்குழுக் கூட்டத்திலேயே வரைவைத் தொடங்கி, அபோஃபிஸ் கடக்கும் நாளுக்கு முன் அதைப் பொதுச்சபைக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சிறுகோள் பாதுகாப்பைத் தொடர்ந்து கவனித்துவருவோர்