மூன்றரை சென்டிமீட்டர் முத்திரையை வைத்து இவ்வளவு பெரிய முடிவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சிந்துவெளி பற்றி வந்த கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்துவிட்டாள். அதனால்தான் எழுதுகிறேன். 'மொகஞ்சதாரோ மக்கள் சிவனை வணங்கினார்கள், பசுபதி முத்திரையே அதற்குச் சாட்சி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவள் அதைப் பரீட்சையில் அப்படியே எழுதுவாள், யாரும் தவறு என்று சொல்லவும் மாட்டார்கள்.

அந்த முத்திரை கிடைத்தது 1928-29 அகழாய்வில். சுமார் மூன்றரை சென்டிமீட்டர் சதுரம், கொஞ்சம் பெரிய தபால்தலை அளவுதான். தாழ்ந்த மேடையில் குதிகால்களைச் சேர்த்து உட்கார்ந்த ஓர் உருவம், தலையில் கொம்புக் கிரீடம், கை நிறைய வளையல். சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை, மேடைக்குக் கீழே மான்கள். மேலே சில எழுத்துகள், அவற்றை இன்றுவரை யாராலும் எல்லோரும் ஏற்கும்படி படிக்க முடியவில்லை. நம் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். மூன்று முகம், யோக ஆசனம், விலங்குகளின் தலைவன் (அதாவது பசுபதி), சூலம் போன்ற கொம்பு, ஆகவே இது சிவனின் ஆதி வடிவம் என்று 1931-ல் எழுதியவர் தொல்லியல் அறிஞர் ஜான் மார்ஷல். நல்ல ஊகம், நானும் வகுப்பில் பல வருடம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் பிறகு வந்த அறிஞர்கள் கேட்ட கேள்விகளும் சாதாரணமானவை அல்ல. வேதத்தில் பசு என்றால் வீட்டு விலங்கு, இங்கே இருப்பதோ பெரும்பாலும் காட்டு விலங்குகள், ஒரு பசுவோ காளையோ இல்லை. அந்தக் கொம்பு எருமைக் கொம்பு, அப்படியானால் இது வேறொரு தெய்வமாக இருக்கலாமே என்றும் சிலர் சொன்னார்கள். இதில் ஒரு வார்த்தைகூடக் கட்டுரையில் இல்லை.

காலத்தையும் பாருங்கள். சிந்துவெளி நகரங்கள் கி.மு. 1900 வாக்கில் தளர்ந்துவிட்டன. இது சிவன்தான் என்று தயங்காமல் சொல்லக்கூடிய மிகப் பழைய சிற்பங்களில் ஒன்று ரேணிகுண்டா பக்கம் இருக்கும் குடிமல்லம் லிங்கம். கையில் மழுவும் ஆடும் பிடித்து, ஒரு குள்ள உருவத்தின் தோள்மேல் நிற்கும் அந்தச் சிவனைப் பார்த்துவிட்டு நான் வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறேன். அதைக் கி.மு. கடைசி மூன்று நூற்றாண்டுகளுக்குள்தான் பலரும் வைக்கிறார்கள். நடுவில் 1500 வருடத்துக்கு மேல் இடைவெளி, அதை ஒரு வரியில் எப்படித் தாண்டுவது?

தொடர்ச்சியே இல்லை என்று நான் சொல்லவில்லை. அரச இலை வளைவுக்குள் ஒரு தெய்வம் நிற்க, எதிரே ஒருவர் மண்டியிட்டு வணங்கும் முத்திரை மொகஞ்சதாரோவில் கிடைத்திருக்கிறது. எங்கள் தெரு முனை அரசமரத்தைச் சுற்றிவரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். மொகஞ்சதாரோவில் தோண்டியெடுத்த பெருங்குளத்தைப் புனித நீராடும் இடம் என்பதும் அப்படித்தான், இருக்கலாம். 'இருக்கலாம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, இதையே நம் தமிழ்ப் பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். சிந்துவெளி எழுத்தில் வரும் மீன் குறியைத் தமிழில் 'மீன்' என்று படித்தால் விண்மீனும் வருகிறது என்ற கருத்து எனக்கு மிகவும் பிடித்தது, அந்த மொழி திராவிட மொழியாக இருந்திருக்கலாம் என்றே நானும் நம்புகிறேன். ஆனாலும் எழுத்தைப் படித்து முடித்துவிட்டோம் என்பதுபோல எழுதக்கூடாது. படிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசே அறிவித்திருக்கிறதே, அது இன்னும் திறக்காத பூட்டு என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஒரு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு அந்த முத்திரையின் படத்தை அரைப் பக்கத்துக்குப் பெரிதாகப் போடுங்கள். அதில் என்னென்ன இருக்கிறது என்று மட்டும் பக்கத்தில் குறித்து, அப்புறம் யார் யார் என்னவாகப் பார்த்தார்கள் என்பதைத் தனியாகக் கீழே கொடுங்கள். பேத்தியின் நோட்டில் பழையதற்குப் பக்கத்திலேயே அதையும் ஒட்ட இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
வேலூர்