நடைக் காட்சி அமைப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

தண்டுவடக் காயம் பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நாள்பட்ட நரம்பு வலி இருக்கிறது. கிள்ளினாலும் தெரியாத காலில் தீப்பட்ட எரிச்சல், மின்சாரம் பாய்ந்த வெட்டு. "உணர்வில்லாத காலில் வலி ஏது?" என்று வீட்டாரே நம்புவதில்லை. ஆனால் கால்களிலிருந்து செய்தி வருவது நின்றதும் மூளை மாறுகிறது. மூளையில் கைச் சுண்டுவிரலுக்குரிய பகுதி காலுக்குரிய பகுதியை நோக்கி நகர்வதை 2009இல் வெளியான சிட்னி ஆய்வு காட்டியது. அதிகம் நகர்ந்தவர்களுக்கு வலியும் அதிகம். எது காரணம், எது விளைவு என்பது வேறு கேள்வி.

நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் மாத்திரைகளால் பலருக்குப் பாதி வலிகூடக் குறைவதில்லை. ஆகவே மருந்தோடு சேர்த்துச் செய்ய, தன் கால்களே நடப்பது போன்ற தோற்றத்தை மூளைக்குக் காட்டி வலியைக் குறைக்க முயலும் நடைக் காட்சி அமைப்பு ஒன்றை நம் பொதுப் பயிற்சி அறையில் நிறுவ இருக்கிறோம். மேலே கண்ணாடி, கீழே திரை. சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் மேலுடம்பைக் கண்ணாடியிலும், ட்ரெட்மில்லில் நடக்கும் இன்னொருவரின் கால்களைத் திரையிலும் ஒரே உருவமாகப் பார்த்தபடி கைகளை வீச வேண்டும். தினம் 10 நிமிடம், வாரம் 5 நாள், 3 வாரம்.

இந்தத் தோற்றம் கெடுவது பெரும்பாலும் கண்ணாடியும் திரையும் சேரும் இடுப்பு இணைப்பில்தான். கண்ணாடிப் பரப்பில் உருவம் பாதி அளவே விழும். கால்களை முழு அளவில் காட்டினால் யாரோ ஒருவருடைய கால்களாகத் தெரியும், பயனில்லை. படத்தை இடம் வலம் மாற்றாவிட்டால் கைவீச்சும் கால்வீச்சும் ஒத்துப்போகாது. நாற்காலிக்கு நாற்காலி உயரம் வேறு என்பதால் கண்ணாடி ஏறி இறங்கும் சட்டகத்தில் இருக்க வேண்டும்.

சட்டகமும் கண்ணாடியும் ரூ.16,000. கிட்டத்திலிருந்தே படம் காட்டும் புரொஜெக்டர் ரூ.65,000, சாதாரணமானது என்றால் நாற்காலியின் நிழல் திரையில் விழும். யுபிஎஸ் ரூ.9,000. ஆண், பெண், ஒல்லி, பருமன் என நடக்கும் கால்களின் நான்கு படங்கள் எடுக்க ரூ.20,000. மொத்தம் ரூ.1,10,000. மடிக்கணினி இருக்கிறது.

இது குணமாக்கும் என்று சொல்லிப் பணம் கேட்கவில்லை. 2007இல் இம்முறையைச் சோதித்தவர்கள் ஐந்தே பேர். ஒருமுறை செய்ததும் வலி குறைந்தது, சிறிது நேரத்தில் திரும்பியது. 2010 பார்சிலோனா ஆய்வில் மூளைக்கு மெல்லிய மின்னோட்டமும் சேர்த்துத் தந்தபோதுதான் பலன் கூடியது. அந்தக் கருவியை மருத்துவர் மேற்பார்வையின்றி வாங்க மாட்டோம். சிலருக்கு வலி கூடலாம். கூடினால் அன்றே நிறுத்துவோம். வலி திடீரென்று ஏறியிருந்தால் முதலில் படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் மூன்றையும் பார்த்த பிறகே பயிற்சி. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 0 முதல் 10 வரை வலி எண் குறிக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயரில்லாமல், நன்கொடையாளர்களுக்கு அந்தக் கணக்கையும் செலவுக் கணக்கையும் அனுப்புவோம்.

பொருளாகவும் தரலாம். பழைய புரொஜெக்டர் தருபவர்கள், மூன்றடி தூரத்தில் வைத்து நான்கடி அகலத்துக்குப் படம் விழுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொண்டுவாருங்கள். பணம் தருபவர்கள் பயிற்சி அறையில் பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளவும். நன்கொடை தருபவர்களுக்கு வருமான வரிச் சலுகை கிடைப்பதற்கான அனுமதி நமக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
பயிற்சி அறைக் குழுவினர்