பாலின் சூடு

அன்புள்ள தம்பிக்கு,

ஸ்தோத்திரம். "வாரமெல்லாம் ஆய்வுக்கூடத்தில் ஆதாரம் கேட்கிறேன், ஞாயிறு கோவிலில் மட்டும் எப்படிக் கேட்காமல் இருப்பது?" என்று எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று பன்னுக்கு மாவு பிசைந்து, ஈரத்துணியால் மூடிவைத்துவிட்டு எழுதுகிறேன். உப்புவதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்த வருடம், பண்டிகைக்கு முந்தின நாள் மாவு உப்பவே இல்லை, ஞாபகமிருக்கிறதா? அன்று காலை ஜெபிக்காமல் அடுப்படிக்குப் போனதால்தான் என்று நினைத்து அழுதேன். நீ பால் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சூட்டில் ஈஸ்ட் செத்துப்போயிருக்கும் அம்மா, அதற்கு உயிர் உண்டு" என்றாய். 60 டிகிரி சூட்டில் அது பிழைக்காது என்று உன் புத்தகத்தையும் எடுத்துக் காட்டினாய். அன்றைக்கு உன் படிப்பு என் விசுவாசத்தில் ஒரு துளியும் குறைக்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு நான் சுமந்த பாரத்தை இறக்கிவைத்தது. இன்றும் பாலை விரலில் தொட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன்.

ஒரு ஸ்திரீ புளித்த மாவை மூன்றுபடி மாவிலே அடக்கிவைத்தாள் என்று ஆண்டவர் சொன்னாரே, அது நம் வீட்டுப் படி அல்ல. அந்தக் காலத்து அளவுக்கு மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 40 லிட்டர் வரும். ஊருக்கே ரொட்டி சுடலாம்! மாவைப் புளிக்கவைப்பது நுண்ணுயிர் என்று லூயி பாஸ்டர் காட்டியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். காரணம் தெரியாத காலத்திலும் மாவு உப்பியது. காரணம் தெரிந்த பிறகும், மூடியைத் திறக்கும்போது எனக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் தோன்றுகிறது.

ஆனால் மாவைச் சோதிப்பதுபோல் ஆண்டவரைச் சோதித்து உனக்குக் காட்ட என்னால் முடியாது, தம்பி. ஒருவரோடு கூட இருந்து பழகித்தானே அவரை நம்புகிறோம்? உன் அப்பா இறந்துபோன வருடம், தூக்கமில்லாத இரவுகளில் நான் தனியாக இல்லை. இது என் சாட்சி. உன் கேள்விக்கு விடையாக இதை உன்மேல் திணிக்கமாட்டேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு கோவிலில் இயேசுவின் சீஷரான தோமாவைப் பற்றி வாசித்தார்கள். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் காணாமல் நம்பமாட்டேன் என்றவரை மற்றச் சீஷர்கள் வெளியே தள்ளவில்லை. எட்டு நாள் கழித்தும் அவர்களோடே உள்ளே இருந்தார். ஆண்டவரும் "நீ உன் விரலை இங்கே நீட்டி, என் கைகளைப் பார்" என்றார். நம் நாட்டுக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர் அந்தத் தோமாதான் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பாய். கேள்வி வந்துவிட்டதே என்று ஆராதனைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிடாதே. கேள்வியோடே போய் உட்கார்.

மாவு துணியைத் தூக்க ஆரம்பித்துவிட்டது. பன்னிரண்டு பன் பார்சலில் வரும்; இரண்டு நாளுக்குள் சாப்பிட்டுவிடு. அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் கொடு. அடுத்த கடிதத்தில் அந்தக் கேள்வியை இன்னும் விரிவாக எழுது.

அன்புடன்,
அம்மா