பழைய மென்பொருளைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அப்புறம் ஜார்ஜ்டவுனில் எங்களைப் போன்ற சிறு அச்சகங்களிடம் கணினிக் கடையில் சொல்வது, எல்லாவற்றையும் புதிதாக வாங்குங்கள் என்பதுதான். கணினி சரி, மென்பொருள் எதற்கு? விண்டோஸ் 11 64-பிட் மட்டும் என்பதால் 16-பிட் நிரல்கள், அதாவது மிகப் பழைய விண்டோஸ் காலத்து மென்பொருள்கள், அதில் நேரடியாக ஓடாது, உண்மைதான், ஆனால் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போல ஓடவிடும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளை இறக்கி, உரிமம் உள்ள 32-பிட் விண்டோஸ் எக்ஸ்பியை அதற்குள் ஏற்றினால் பழைய கல்யாண அட்டைக் கோப்புகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. மென்பொருள் ஓடுவதற்குச் செருகி வைக்க வேண்டிய டாங்கிள் என்ற உரிமச் சாவி யுஎஸ்பி வகை என்றால் அதையும் உள்ளே திருப்பிவிடலாம், பழைய பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் மாட்டும் டாங்கிள்தான் தலைவலி. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014-லேயே நின்றுவிட்டது, அதற்கு இணையத்தைக் காட்டாதீர்கள். கடைக்காரர்களே, பில் போடும் முன் இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

அச்சகக்காரர், பினாங்கு