வெப்பமும் உப்பின் கரைதிறனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உப்பளங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான அறிவியல் குறிப்பில், வெப்பம் கூடக் கூட நீர் எந்த உப்பையும் கூடுதலாகக் கரைக்கும் என்று எழுதப்பட்டிருந்தது. புத்தளம், சாமிதோப்பு அளங்களைப் பார்த்து வளரும் எங்கள் மாணவர்கள் இதைப் பொதுவிதியாக மனத்தில் கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

100 கிராம் நீரில் 0 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 35.7 கிராம் கறியுப்பு கரையும். 100 டிகிரியிலும் 39 கிராம் அளவே கரையும். பொட்டாசியம் நைட்ரேட்டோ 13 கிராமிலிருந்து 240 கிராமுக்கு மேல் உயர்கிறது. நீற்றிய சுண்ணாம்பின் கரைதிறன் வெப்பம் ஏறினால் குறைந்தே போகிறது.

காரணம், உப்பு கரையும்போது பிரியும் மின்சுமைத் துகள்களான அயனிகளைச் சூழும் நீரில் இருக்கிறது. கறியுப்பின் படிகத்திலிருந்து சோடியம், குளோரைடு அயனிகளைப் பிரிக்க மோலுக்குச் சுமார் 787 கிலோஜூல் ஆற்றல் செலவாகிறது. நீர் மூலக்கூறுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்ளும்போது ஏறத்தாழ அவ்வளவும் திரும்பக் கிடைத்துவிடுவதால், எஞ்சும் வேறுபாடு 4 கிலோஜூல் மட்டுமே, ஆகவேதான் சூட்டால் கறியுப்புக்குப் பெரிய மாற்றம் இல்லை. பொட்டாசியம் நைட்ரேட் கரையும்போது வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சுவதால் சூடு அதற்குத் துணைசெய்கிறது. சுண்ணாம்பு வெப்பத்தை வெளிவிட்டுக் கரைவதால் சூடு அதற்கு எதிராகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெப்பம் ஏறும்போது நீரின் மின்காப்பு மாறிலி 0 டிகிரியில் இருந்த 88இலிருந்து 100 டிகிரியில் சுமார் 56ஆகக் குறைகிறது. அதாவது, எதிரெதிர் மின்சுமை கொண்ட அயனிகளை விலக்கி வைக்கும் ஆற்றலை நீர் மெல்ல இழக்கிறது. உயர் அழுத்தத்தில் 374 டிகிரியைத் தாண்டிய நீரில் கறியுப்பு மிகக் குறைவாகவே கரையும் என்பது இதன் உச்சநிலை. எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பளிக்கும் செய்தி இது.

அளத்தில் வெயில் செய்யும் வேலையும் வேறு. அது நீரை ஆவியாக்கிச் செறிவைக் கூட்டுகிறது. அதனால் முதலில் சுண்ணாம்புக் கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும், அதன்பின் கறியுப்பும் படிகின்றன.

தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சூடாக்கினால் அது கலங்குவதை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் காட்டலாம். அதையும் மேற்சொன்ன அளவுகளையும் சேர்த்துத் திருத்தம் ஒன்றை மாணவர் பகுதியில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
அகஸ்தீஸ்வரம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.